ரவுண்ட் ஆக்க வேண்டாம் தம்பி: பெட்ரோல் பங்க்ல அந்த முதல் ‘டக்’ சத்தத்தோட மதிப்பு



பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஊர் வத்திராயிருப்பு. மதுரையிலிருந்து வர்றவங்க கிருஷ்ணன்கோவில்ல மெயின் ரோட்டை விட்டு மலையைப் பார்த்துத் திரும்பினா வர்ற ஊர். சதுரகிரிக்குப் போனவங்களுக்கும், கூமாப்பட்டி ரீல்ஸ் பார்த்தவங்களுக்கும் வழி சொல்லவே வேண்டாம்.

சென்னையிலிருந்து ராத்திரி கிளம்பி, காலையில ஊர் நெருங்குறப்போ பெட்ரோல் முள் கீழே வந்துடுச்சு. வழியில ஒரு பங்க்ல நிறுத்தி, “ஃபுல் டேங்க் போடுங்க தம்பி”ன்னேன். நாசிலை உள்ளே விட்டதும் ஒன்றரை லிட்டர்ல ‘டக்’. அந்தப் பையன் திரும்ப அழுத்தினான். ரெண்டு லிட்டர் போகுறதுக்குள்ள இன்னொரு ‘டக்’. இப்படியே ஆறு தடவை. டிஸ்ப்ளேல எண் ஓடுது, நிக்குது, ஓடுது, நிக்குது. பின்னாடி நாலு வண்டி நிக்குது.

நான் ஒரு சி.ஏ. சந்தேகப்படுறதுக்குத்தான் எனக்குச் சம்பளமே. “என்ன தம்பி, விட்டு விட்டு அடிக்கிற? இப்படி அடிச்சா அளவு குறையும்னு எங்களுக்குத் தெரியாதா?”ன்னு கொஞ்சம் சத்தமாவே கேட்டுட்டேன். பையனுக்கு வயசு இருபது இருக்கும். முகம் சுருங்கிப் போச்சு. “மிஷின்ல ஒண்ணும் இல்லண்ணே. உங்க வண்டிதான் வாங்க மாட்டேங்குது”ன்னான்.

நான் விடல. “அஞ்சு லிட்டர் அளவுக் கேனை எடுத்துட்டு வாங்க”ன்னேன். சூப்பர்வைசர் எதுவும் பேசாம எடுத்துட்டு வந்தார். அதே நாசில்ல அஞ்சு லிட்டர் பிடிச்சுப் பார்த்தோம். பெட்ரோல் கோட்டுல சரியா நின்னுச்சு. ஒரு நூல்கூட குறையல. கேன்ல பிடிக்கும்போது ஒரு தடவைகூட ‘டக்’ வரல.

சும்மா இருந்திருக்கலாம். மறுநாள் வேற ஒரு பங்க்ல சோதிச்சுப் பார்த்தேன். அங்கேயும் அதே ‘டக்... டக்’. அப்பதான் உறைச்சுது. திருடன்னு நான் நினைச்ச பையன் சொன்னதுதான் நூத்துக்கு நூறு உண்மை.

இந்தப் பதிவு அந்தப் பையனுக்கு நான் கட்ட வேண்டிய பாக்கி. ஆனா அதோட முடியல. இதுல நம்ம எல்லாரோட பர்ஸுக்கும் ஒரு பாடம் இருக்கு.

அந்த ‘டக்’ எப்படி வருது?

நிறைய பேர் அதை மெஷினுக்குள்ள இருக்கிற ஒரு சென்சார், கரண்ட்ல வேலை செய்யுதுன்னு நினைக்கிறாங்க. இல்லைங்க. அது சுத்தமான இயற்பியல்.

அடுத்த தடவை நாசிலோட நுனியைக் கவனிச்சுப் பாருங்க. பெட்ரோல் வர்ற பெரிய வாய்க்குப் பக்கத்துல ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கைப்பிடி வரைக்கும் போகுது. பெட்ரோல் வேகமா ஓடும்போது உள்ளே ஒரு இடத்துல அழுத்தம் குறையும். பள்ளிக்கூடத்துல வென்சுரின்னு படிச்சிருப்பீங்க. அந்த உறிஞ்சல் இந்தச் சின்ன ஓட்டை வழியா காத்தை இழுத்துக்கிட்டே இருக்கும். காத்து தடையில்லாம வர்ற வரைக்கும் பிரச்சினை இல்ல. டேங்க் நிரம்பி பெட்ரோல் அந்த ஓட்டையை மூடினதும் காத்து நின்னுடும். உறிஞ்சல் கூடும். கைப்பிடிக்குள்ள இருக்கிற ஒரு மெல்லிய தகடு அசைஞ்சு கொக்கியை விடுவிக்கும். வால்வு ‘டக்’னு மூடிக்கும்.

அதாவது நாசிலுக்குத் தெரிஞ்சது ஒரே விஷயம்தான்: என் நுனி ஓட்டையில திரவம் பட்டுச்சா, இல்லையா? டேங்க் உண்மையிலேயே நிரம்பிடுச்சா, இல்ல தெறிச்ச பெட்ரோல் பட்டுச்சாங்கிறது அதுக்குத் தெரியாது. டேங்க் காலியா இருந்தாலும் பெட்ரோல் திரும்பி வந்து ஓட்டையில பட்டா அது நிக்கும்.

சீக்கிரமே நிக்குதுன்னா என்ன காரணம்?

பெட்ரோல் உள்ளே போகணும்னா, உள்ளே இருக்கிற காத்தும் ஆவியும் வெளியே வரணும். வீட்டுல குறுகின வாய் உள்ள கேன்ல புனல் வெச்சு எண்ணெய் ஊத்தியிருக்கீங்களா? புனல் வாயை இறுக்கி அடைச்சுக்கிட்டா எண்ணெய் இறங்காது, குமிழி விட்டு மேலே வரும். புனலைக் கொஞ்சம் தூக்கினா கடகடன்னு இறங்கும். காரும் அதே மாதிரிதான்.

பொதுவான காரணங்கள் இவை:

ஒண்ணு, நாசில் உட்கார்ந்த விதம். சில கார்கள்ல பெட்ரோல் குழாய் உடனே வளையும். நாசிலை முழுசா உள்ளே திணிச்சா பெட்ரோல் வளைவுல மோதித் தெறிக்கும். கொஞ்சம் வெளியே இழுத்தோ, திருப்பியோ பிடிச்சா சரியாயிடும்.

ரெண்டு, வேகம். எல்லா மெஷினும் ஒரே வேகத்துல தள்ளாது. பாதி அழுத்தத்துல அடிச்சா ‘டக்’ வரலைன்னா காரணம் இதுதான்.

மூணு, நுரை. டீசல் வண்டிக்காரங்களுக்கு இது நல்லாத் தெரியும். டீசல் பெட்ரோலைவிட அதிகமா நுரைக்கும். நுரை ஓட்டையில பட்டாலும் நாசில் நிக்கும்.

நாலு, காரோட மூச்சுக்குழாய். டேங்க்ல இருந்து காத்து வெளியே வர்றதுக்கு ஒரு ஓஸ் இருக்கும். அது மடங்கினாலோ, அடைச்சாலோ காத்து வர வழி இல்ல. பெட்ரோல் எதுத்துக்கிட்டு மேலே வரும். எந்த பங்க் போனாலும் இதே கதைதான்.

அஞ்சு, நாசிலே பழுது. அப்படின்னா உங்களுக்கு மட்டும் இல்ல, உங்களுக்கு முன்னாடி அடிச்சவருக்கும் அதே நாசில்ல நின்னிருக்கும்.

கண்டுபிடிக்கிற வழியும் இதுலயே இருக்கு. ஒரே பங்க்ல மட்டும் நடந்தா நாசிலையோ வேகத்தையோ பாருங்க. ரெண்டு மூணு பங்க்ல நடந்தா காரை மெக்கானிக் கிட்ட விடுங்க. நான் செஞ்ச மாதிரி மனுஷன் மேல பாயாதீங்க.

விட்டு விட்டு அடிச்சா அளவு குறையுமா?

இதுதான் எல்லார் மனசுலயும் இருக்கிற கேள்வி. எனக்கும் இருந்தது.

பெட்ரோலை அளக்கிற மீட்டர் மெஷின் பெட்டிக்குள்ள இருக்கு, நாசில்ல இல்ல. உள்ளே பிஸ்டன் மாதிரி ஒரு அமைப்பு. குறிப்பிட்ட அளவு பெட்ரோல் கடந்தாத்தான் அது சுத்தும், அது சுத்தினாத்தான் எண் ஏறும். நாசில் மூடினா ஓட்டம் நிக்கும், எண்ணும் நிக்கும். ‘டக்’னு நின்னதால மட்டும் உங்க காசு போகாது.

“ஓஸ்ல மிச்சம் இருக்கிற பெட்ரோல் யாருக்கு?”ன்னு கேப்பீங்க. ஓஸ் உங்களுக்கு முன்னாடியும் நிரம்பித்தான் இருந்தது, உங்களுக்குப் பின்னாடியும் நிரம்பித்தான் இருக்கும். வால்வு நாசில்ல இருக்கிறதால ஓஸ் காலியாகுறதே இல்ல. முன்னாடி வந்தவர் விட்டுட்டுப் போனதை நீங்க வாங்கிக்கிறீங்க, நீங்க விட்டதை அடுத்தவர் வாங்கிக்கிறார். கணக்கு நேர்.

ஆனா ஒரு இடத்துல மட்டும் கண்ணு வெச்சுக்கணும். இடையில நின்னா நாசில் வண்டியிலேயே இருக்கணும். நாசிலைத் திரும்ப மெஷின்ல மாட்டினா அந்த பில் அங்கேயே முடிஞ்சுடும், அடுத்து எடுக்கும்போது எண் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கணும். “ஆயிரத்துக்குப் போடுங்க”ன்னு நீங்க சொல்ல, 200-ல நிறுத்தி, “சாரி சார், மீதியைப் போட்டுடறேன்”னு சொல்லி, பூஜ்யம் ஆக்காம அதே 200-லிருந்து 800 வரைக்கும் ஓட்டி ஆயிரம் வாங்குற பழைய வித்தை இந்த இடைவெளியிலதான் நடக்கும். அங்கே ஏமாத்துறது நாசில் இல்ல, நம்ம கவனக்குறைவு. அந்த ஒரு நிமிஷம் போனைப் பாக்காம டிஸ்ப்ளேயைப் பாருங்க, போதும்.

மெக்கானிக் கேட்ட ஒரே கேள்வி

ராஜபாளையத்துல அப்பாவுக்குத் தெரிஞ்ச ஒரு மெக்கானிக். காரைத் தூக்கிப் பார்த்தார். பின்னாடி எப்பவோ தட்டி வேலை பார்த்தப்போ மூச்சுக்குழாய் ஓஸ் நசுங்கி மடங்கியிருக்கு. பழைய கார் வாங்கினவன் நான், முன் ஓனர் காலத்து விஷயம் போல. அதைச் சரி பண்ண பெருசா செலவு இல்ல.

அப்புறம் ஒரு கறுப்புப் பெட்டியைக் கழட்டி என் மூக்குக்கிட்ட நீட்டினார். குப்புன்னு பெட்ரோல் வாசனை. “இது கேனிஸ்டர் சார். உள்ளே கரித்தூள் இருக்கு. டேங்க்ல இருந்து வர்ற ஆவியைப் பிடிச்சு வெச்சு எஞ்சினுக்கு அனுப்புறதுதான் இதோட வேலை. ஆவிதான் வரணும், பெட்ரோலே வந்திருக்கு. ஃபுல் டேங்க் போட்டதும் ஸ்டார்ட் ஆக மக்கர் பண்ணுமே?”

பண்ணும். எஞ்சின் லைட்டும் ரெண்டு மாசமா எரிஞ்சுக்கிட்டு இருந்தது. ‘அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்’னு விட்டிருந்தேன்.

“ஃபுல் டேங்க் போடும்போது ரவுண்ட் ஆக்குவீங்களா சார்?”

ஆக்குவேன். எப்பவுமே ஆக்குவேன். ‘டக்’னு 2,437-ல நிக்கும். “2,500 ஆக்கிடவா சார்?”னு கேப்பாங்க. நானும் தலையாட்டுவேன். சில சமயம் நானே சொல்லுவேன்.

மொத்தம் ரூ.6,850 செலவு. இதுல பெரும்பங்கு அந்தக் கேனிஸ்டருக்கு. அந்த ‘டக்’ சீக்கிரம் வந்ததுக்குக் காரணம் ஓஸ். ஆனா கேனிஸ்டர் போனதுக்குக் காரணம் நான்.

நிறுத்தச் சொன்ன இடத்துல நிறுத்தாததோட செலவு

கார் கம்பெனி டேங்க் கொள்ளளவு 37 லிட்டர்னு போட்டா, அது நாசில் நிக்க வேண்டிய மட்டம். அதுக்கு மேல வேணும்னே கொஞ்சம் காலி இடம் விட்டிருப்பாங்க. அது போக பெட்ரோல் போற கழுத்துக் குழாய் வேற இருக்கு. அதனாலதான் “37 லிட்டர் டேங்க்ல 40 லிட்டர் அடிச்சிட்டாங்க, மோசடி!”ன்னு வாட்ஸாப்ல வீடியோ சுத்தும்போது நான் அவசரப்பட மாட்டேன். விளிம்பு வரைக்கும் ஊத்தினா 37-க்கு மேல போகத்தான் செய்யும். கார் டேங்க் அளவுப் பாத்திரம் இல்ல.

அந்தக் காலி இடம் எதுக்கு? பெட்ரோல் வெப்பத்துல விரியும். ஒரு டிகிரிக்கு சுமார் 0.1 சதவீதம். பூமிக்கடியில இருக்கிற தொட்டியிலிருந்து வர்ற பெட்ரோல், நம்ம விருதுநகர் மாவட்டத்து சித்திரை வெயில்ல நிக்கிற காருக்குள்ள போய் 15 டிகிரி கூடுதுன்னு வைங்க. 37 லிட்டர்ல அது அரை லிட்டருக்கு மேல. அதுக்கு இடம் இல்லைன்னா அது போற வழி ஆவிக் குழாய், அங்கிருந்து கேனிஸ்டர்.

இங்கே ஒண்ணைத் தெளிவா சொல்லிடறேன். “வெயில் காலத்துல ஃபுல் டேங்க் போட்டா வண்டி வெடிச்சிடும், பாதிதான் போடணும்”னு வருஷா வருஷம் ஒரு ஃபார்வர்டு வருது. அது பொய். இண்டியன் ஆயில் நிறுவனமே அதை மறுத்திருக்கு. ஃபுல் டேங்க் தாராளமா போடலாம். ஃபுல் டேங்க்னா முதல் ‘டக்’ வரைக்கும். அவ்வளவுதான் நான் சொல்றது.

ரவுண்ட் பழக்கம் எங்கிருந்து வந்துச்சு?

யோசிச்சுப் பாருங்க, இது சில்லறைப் பிரச்சினையிலிருந்து வந்த பழக்கம். 2,437 ரூபாய் 18 காசுக்கு யார் சில்லறை தேடுறது? அதனால 2,500. பங்க்காரருக்கும் கல்லாக் கணக்கு சுலபம், நமக்கும் பாக்கெட்ல நாணயம் குலுங்காது. அந்தக் காலத்துக்கு அது சரி.

இன்னைக்கு நம்மள்ல எத்தனை பேர் பங்க்ல நோட்டு நீட்டுறோம்? யுபிஐ-ல 2,437.18-ன்னு அனுப்பலாம். காரணம் போயிடுச்சு. பழக்கம் மட்டும் நிக்குது. இளம் சம்பளக்காரங்க பட்ஜெட்டைப் பாக்கும்போது எனக்குத் தெரியுற பாதிப் பிரச்சினை இந்த வகைதான். எப்பவோ ஒரு காரணத்துக்காக ஆரம்பிச்சது, காரணம் செத்தப்புறமும் தானா ஓடிக்கிட்டு இருக்கும். அதை நிறுத்தணும்னு யாருக்கும் தோணுறதில்ல.

ஆடிட்ல சேர்ந்த புதுசுல சீனியர் சொல்லிக்கொடுக்கிற பாடம் ஒண்ணு உண்டு: ரவுண்ட் நம்பரைப் பார்த்தா நின்னு பாரு. உண்மையான செலவு அழகா வராது. 1,863.40-ன்னுதான் வரும். ஒருத்தரோட பெட்ரோல் வவுச்சர் மாசம் முழுக்க 2,000, 2,000, 2,000-ன்னு இருந்தா, பெட்ரோல்தானா, வேற ஏதாவதான்னு கேக்கத் தோணும். ஆபீஸ்ல ஃப்யூயல் பில் கொடுத்து ரீஇம்பர்ஸ்மென்ட் வாங்குறவங்களுக்கும் இது பொருந்தும். லிட்டர், விலை, தேதி, வண்டி நம்பர் இருக்கிற பில்லும், ரவுண்ட் இல்லாத எண்ணும் உங்களுக்கே பாதுகாப்பு.

‘டக்’ ஒரு கணக்குப் புள்ளி

இப்ப என் முக்கியமான வாதத்துக்கு வர்றேன்.

பங்க்ல மோசடியே இல்லைன்னு நான் சொல்லல. 2017 ஏப்ரல்ல லக்னோவுல உத்தரப் பிரதேச போலீஸோட சிறப்புப் படை பல பங்க்ல சோதனை போட்டு, மெஷினுக்குள்ள சின்ன எலக்ட்ரானிக் சிப் வெச்சு ரிமோட்ல அளவைக் குறைச்சதைப் பிடிச்சாங்க. 2020 செப்டம்பர்ல சைபராபாத் போலீஸ் தெலங்கானா, ஆந்திராவுல இதே மாதிரி ஒரு கும்பலைப் பிடிச்சாங்க. அங்கே ஒரு லிட்டர்னு காட்டி 970 மில்லிதான் வந்திருக்கு. லிட்டருக்கு 30 மில்லி, அதாவது 3 சதவீதம்.

கவனிச்சீங்களா? அந்த மெஷின்ல சந்தேகப்படும்படியா ஒரு ‘டக்’கும் வராது. பெட்ரோல் தங்குதடையில்லாம ஓடும், டிஸ்ப்ளே அழகா ஓடும். உண்மையான திருட்டு சத்தம் போடாது. நாம சத்தம் வர்ற இடத்துல மட்டும் சண்டை போடுறோம்.

அப்ப 3 சதவீதக் குறைவை எப்படிக் கண்டுபிடிக்கிறது? மைலேஜ் கணக்குதான் வழி. அது சரியா வரணும்னா டேங்க் ஒவ்வொரு தடவையும் ஒரே மட்டத்துல இருக்கணும். பி.காம் படிச்சவங்களுக்கு இது தெரிஞ்ச சமன்பாடு: ஓப்பனிங் ஸ்டாக், கூட்டல் வாங்கினது, கழித்தல் க்ளோசிங் ஸ்டாக், அதுதான் செலவானது. போன தடவையும் முதல் ‘டக்’, இந்தத் தடவையும் முதல் ‘டக்’னா ஓப்பனிங்கும் க்ளோசிங்கும் சமம். அப்ப வாங்கினதுதான் செலவானது. டேங்கைத் திறந்து பாக்காமலே ஸ்டாக் எடுத்தாச்சு.

உதாரணம் பாருங்க. போன ஃபில்லிங்குக்கு அப்புறம் 412 கி.மீ. ஓடியிருக்கீங்க. இன்னைக்கு முதல் ‘டக்’ 24.6 லிட்டர்ல. மைலேஜ் 16.7. அதே நாள் “ரவுண்ட் ஆக்கிடுங்க”ன்னு இன்னும் 2 லிட்டர் திணிச்சிருந்தா 26.6 லிட்டர். மைலேஜ் 15.5-ன்னு காட்டும். வண்டி அதே வண்டி, பெட்ரோல் அதே பெட்ரோல். எண் மட்டும் 7 சதவீதத்துக்கு மேல விழுந்துடுச்சு. நம்ம கையாலேயே 7 சதவீதக் குழப்பத்தை உண்டாக்கிட்டு, 3 சதவீதத் திருட்டை எப்படிங்க பிடிக்க முடியும்?

இன்னொரு விஷயமும் இருக்கு. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததும் மைலேஜ் குறையுதுன்னு எல்லாரும் பேசுறாங்க. மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்ட்ல சொன்னபடி, அதுக்கு ஏத்தபடி சரி செஞ்ச கார்கள்ல 1 முதல் 2 சதவீதம், மத்த வண்டிகள்ல 3 முதல் 6 சதவீதம் குறையலாம். உங்க பழைய கார்ல அது எவ்வளவுன்னு அமைச்சகம் வந்து சொல்லாது. உங்க நோட்டுதான் சொல்லணும். அந்த நோட்டுல இருக்கிற எண் சுத்தமா இருந்தாத்தான் எத்தனாலா, டயர் காத்தா, பங்க்கான்னு பிரிச்சுப் பாக்க முடியும்.

முதல் ‘டக்’கும் துல்லியமான அளவுகோல் இல்ல. வண்டி சாய்ஞ்சு நின்னா, வேகம் மாறினா அரை லிட்டர் முன்னப்பின்ன வரும். அதனால ஒரு ஃபில்லிங்கை வெச்சு முடிவு பண்ணாதீங்க. அஞ்சு ஃபில்லிங் சேர்த்துப் பாருங்க. நடுவுல வர்ற வித்தியாசம் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். முதலும் கடைசியும்தான் மிஞ்சும். 125 லிட்டர்ல அரை லிட்டர்னா 0.4 சதவீதம்தான். 3 சதவீதக் குறைவு ஒளிய முடியாது.

ரூபாய்ல பாத்தா?

மாசம் 4,000 ரூபாய்க்கு பெட்ரோல் போடுறீங்கன்னு வைங்க. 3 சதவீதம் திருடினா மாசம் 120, வருஷம் 1,440. அது சின்னக் காசு இல்ல, விடவும் கூடாது. ஆனா என் ரூ.6,850 பில்லை இந்த 120-ஆல வகுத்துப் பாருங்க. 57 மாசம். ஒரு மோசடி பங்க் கிட்டத்தட்ட அஞ்சு வருஷம் தினமும் என்னை ஏமாத்தினா போற காசை, நானே ‘ரவுண்ட் ஆக்கி’ விட்டிருக்கேன். அடுத்தவன் எடுக்கிற 30 மில்லிக்கு ரத்தம் கொதிக்குது. நம்ம பழக்கம் எடுக்கிறது கண்ணுக்கே தெரியல.

“ஆனா சார்...”

“எங்க ஊர் பக்கம் பங்க் தூரம். கொஞ்சம் கூடப் போட்டா நல்லதுதானே?” எங்க அப்பாவும் இதைத்தான் சொன்னார். ஒரு லிட்டர் கூடப் போட்டா 15 கி.மீ. ஓடும். அதுக்காக டேங்கோட மூச்சுக்காத்து இடத்தை அடைக்கிறது லாபம் இல்ல. முள் கால் பங்குக்கு வந்ததும் அடுத்த பங்க்ல போட்டா இந்தக் கவலையே வராது.

“எனக்கு பைக்தான் இருக்கு.” பைக்ல நாசிலை டேங்குக்குள்ள முழுசா விட முடியாது, அதனால ஆட்டோ கட்டை நம்ப முடியாது. அடிக்கிறவர் கண்ணால பார்த்துத்தான் நிறுத்துறார். கழுத்து வரைக்கும் வழியவிடாம, கீழ் விளிம்போட நிறுத்தச் சொல்லுங்க. மைலேஜ் கணக்குக்கு ஒவ்வொரு தடவையும் சென்டர் ஸ்டாண்ட் போட்டு ஒரே மட்டம்.

“200-க்குப் பதிலா 210-க்குப் போட்டா ஏமாத்த முடியாதாமே?” மெஷினுக்கு 200-ம் ஒண்ணுதான், 210-ம் ஒண்ணுதான். உள்ளே சிப் வெச்சவன் 210-லயும் எடுப்பான்.

சந்தேகம் வந்தா சத்தம் போடாதீங்க, சோதிங்க

சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009-ன்படி பங்க் மெஷின் ஒவ்வொண்ணும் வருஷா வருஷம் சரிபார்த்து முத்திரை வைக்கப்படணும். ஒவ்வொரு பங்க்லயும் முத்திரை வெச்ச 5 லிட்டர் அளவுப் பாத்திரம் இருக்கணும். நீங்க கேட்டா பிடிச்சுக் காட்டணும். 5 லிட்டருக்கு 25 மில்லி வரைக்கும் வித்தியாசம் அனுமதி, அதுக்கு மேல குறைஞ்சா தப்பு. தரத்துல சந்தேகம்னா ஃபில்டர் பேப்பர் கேளுங்க. ஒரு சொட்டு விட்டா சுத்தமான பெட்ரோல் கறை விடாம ஆவியாகிடும். அடர்த்தி எவ்வளவுன்னும் அங்கேயே எழுதிப் போட்டிருப்பாங்க.

அதுலயும் திருப்தி இல்லைன்னா புகார்ப் புத்தகம் கேளுங்க. நம்ம தமிழ்நாட்டுல எடையளவு விவகாரம் தொழிலாளர் துறை கையில இருக்கு, மாவட்டத்துல அவங்க அலுவலகத்துல புகார் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில்லை மட்டும் பத்திரமா வெச்சுக்கங்க. பில் இல்லாத புகார் வெறும் புலம்பல்.

பங்க் முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. “ரவுண்ட் ஆக்கிடவா சார்?”னு கேக்கச் சொல்லி பசங்களைப் பழக்காதீங்க. ‘ஆட்டோ கட் ஆனதும் நிறுத்தப்படும்’னு ஒரு போர்டு வைங்க. நாலு மெக்கானிக் வருமானம் குறையும், உங்க வாடிக்கையாளருக்கு நம்பிக்கை கூடும்.

திரும்பி வர்றப்போ

சென்னைக்குக் கிளம்புற அன்னைக்கு அதே பங்க்குக்குப் போனேன். அதே பையன். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் பின்வாங்கினான், சூப்பர்வைசரைத் தேடினான். “தம்பி, நீ சொன்னதுதான் சரி. வண்டியிலதான் கோளாறு. அன்னைக்குப் பேசினது என் தப்பு”ன்னேன். அவன் சிரிக்கல. “பரவால்லண்ணே. அன்னைக்கு நீங்க கத்தினதுல சூப்பர்வைசர் ரெண்டு நாளா என் நாசிலைத்தான் செக் பண்ணிட்டு இருந்தார்”ன்னான்.

அது எனக்கு உறைச்ச அளவுக்கு ரூ.6,850 உறைக்கல. பன்னிரண்டு மணி நேரம் வெயில்ல, பெட்ரோல் ஆவியில நிக்கிற ஒருத்தன் மேல, ஒரு சத்தத்தை மட்டும் ஆதாரமா வெச்சுத் திருட்டுப் பட்டம் கட்டிட்டேன். ஆபீஸ்ல ஒரு வவுச்சர் இல்லாம யாரையும் அப்படிச் சொல்ல மாட்டேன்.

நாசில் ஒரே ஓட்டமா ஓடுச்சு. ‘டக்’. 1,863 ரூபாய் 40 காசு. பழக்கதோஷத்துல அவன் வாயைத் திறந்தான், “1,900...”

“வேண்டாம் தம்பி, இதுவே போதும்”னு சொல்லி ஸ்கேன் பண்ணி 1,863.40 அனுப்பினேன். ஓடோமீட்டரை நோட்டுல எழுதிட்டு வண்டியை எடுத்தேன்.

நீங்களும் உங்க கடைசி அஞ்சு பெட்ரோல் பில்லை எடுத்துப் பாருங்க. எத்தனை ரவுண்ட் நம்பர் இருக்குன்னு எண்ணுங்க. நான் பயன்படுத்துற மைலேஜ் ஷீட்டை அடுத்த வீடியோவுல திரையில போட்டு, ஒவ்வொரு கட்டமா எப்படி நிரப்புறதுன்னு காட்டுறேன். அதுக்குள்ள ஒரு ஃபில்லிங்காவது முதல் ‘டக்’கோட நிறுத்தி, கி.மீ.யைக் குறிச்சு வெச்சிருங்க. ஓப்பனிங் ஸ்டாக் இல்லாம கணக்கை ஆரம்பிக்க முடியாது.